எந்தக் காட்டுக்குப் போறீங்க தம்பி?

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு ஒரு பெரியவரிடம் "காட்டுக்குப் போகணும்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "யாரு காட்டுக்கு?"

பெரம்பலூர், அரியலூர் பக்கம் காடு என்றால் புலியும் யானையும் திரிகிற இடம் இல்லை. சோளக்காடு, பருத்திக்காடு, வெங்காயக்காடு, முந்திரிக்காடு. கிணற்றுப் பாசனமோ மானாவாரியோ, புன்செய் நிலத்துக்குப் பெயர் காடு. அதற்கு ஒரு சர்வே நம்பர் உண்டு, பட்டா உண்டு, பெரும்பாலும் ஒரு வரப்புத் தகராறும் உண்டு. மரமும் முள்ளுமாக அடர்ந்து கிடக்கிற மற்ற இடத்தை ஊர்க்காரர்கள் "பாரஸ்ட்டு" என்றுதான் சொல்வார்கள். பின்னாலேயே "பாரஸ்ட்டுக்காரன் புடிச்சுக்குவான்" என்பதும் வரும்.

இந்த வித்தியாசம் தெரியாத ஒரு கூட்டம் இப்போது வளர்ந்து வருகிறது. ஹாஸ்டல் ரூமில் ஆறு பேர். ராத்திரி முழுக்க புஷ்கிராஃப்ட் வீடியோ. ஆளுக்கொரு கத்தி ஆன்லைனில் வந்துவிட்டது. உரசினால் தீப்பொறி பறக்கிற கம்பி வந்துவிட்டது. பாராசூட் கயிறு வந்துவிட்டது. ஹேமக் வந்துவிட்டது (அது தூளிதான், அம்மாவின் பழைய சேலையில் இலவசமாகக் கிடைத்திருக்கும்). எல்லாம் வந்த பிறகுதான் "சரி, எங்கடா போறது?" என்ற கேள்வி வருகிறது. "பச்சைமலை மாப்ள!" என்று ஒருவன் சொல்ல, சனிக்கிழமை மத்தியானம் மூன்று பைக் கிளம்பிவிடுகிறது.

இடம் முடிவாகும் முன் கத்தி வாங்குவது, பெண் பார்க்கும் முன் கல்யாண மண்டபம் புக் பண்ணுவது மாதிரி.

பச்சைமலை பெரம்பலூர், திருச்சி, சேலம் என்று மூன்று மாவட்டத்தில் பரந்து கிடக்கிறது. மேலே மலையாளி பழங்குடி மக்களின் ஊர்கள் இருக்கின்றன, ரோடு இருக்கிறது, பஸ் போகிறது. ரோட்டை விட்டு இறங்கினால் பெரும்பகுதி காப்புக்காடு. காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம், மரம் வெட்டுவது குற்றம், தீ மூட்டுவது குற்றம். இது நேற்று போட்ட சட்டமும் இல்லை. 1882-ஆம் வருடத்துத் தமிழ்நாடு வனச் சட்டத்திலிருந்தே இப்படித்தான். குச்சி வெட்டாமல், தீ மூட்டாமல், ராத்திரி தங்காமல் செய்கிற புஷ்கிராஃப்ட் என்று ஒன்று இருந்தால் அதற்குப் பெயர் வாக்கிங்!

சட்டத்தை விடுவோம். குரங்கணியை எப்படி விடுவது? 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்த குழுக்களைக் காட்டுத்தீ சுற்றி வளைத்தது. காய்ந்த புல், செங்குத்துச் சரிவு, மலைக்காற்று. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பலர் ஆஸ்பத்திரியில் நாள் கணக்கில் போராடி இறந்தார்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்திருந்த, நன்றாகப் படித்த, நல்ல வேலையில் இருந்த இளைஞர்கள். அவர்கள் போன பாதைக்கு அனுமதி இல்லை என்றது வனத்துறை. அனுமதி இருந்திருந்தால் தீ வந்திருக்காதா என்று கோபமாகக் கேட்டவர்கள் உண்டு. அது பாதி நியாயமான கேள்வி. தீ வந்திருக்கும்தான். ஆனால் அந்தச் சரிவில் எத்தனை பேர், எந்தப் பாதையில், யார் கூட்டிப் போனது என்று கீழே ஒருத்தருக்காவது முன்கூட்டியே தெரிந்திருக்கும். அனுமதி என்பது ரப்பர் ஸ்டாம்ப் இல்லை. தேடி வருவதற்கு ஒரு ஆள் இருக்கிறது என்பதற்கான ஏற்பாடு.

அதன் பிறகு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் போட்டது. 2024 அக்டோபரில் "ட்ரெக் தமிழ்நாடு" என்று 40 பாதைகளைத் திறந்து, கட்டணம் வாங்கி, வழிகாட்டியோடு அனுப்ப ஆரம்பித்தது. நல்ல விஷயம்தான். மலை ஏற ஆசைப்படுகிறவர்கள் அதில் போகட்டும். தார்ப்பாய் கட்டி, கல் கூட்டி அடுப்பு வைத்துச் சமைத்து, நட்சத்திரம் பார்த்துப் படுத்து எழுந்து வர ஆசைப்படுகிறவர்களுக்கு அதில் இடம் இல்லை. அவர்களுக்கு இருக்கிற ஒரே யோக்கியமான வழி பட்டா நிலம். ஒரு காட்டுக்காரரின் காடு.

இதைச் சொன்னதும் வீடியோ பார்த்தவர்களுக்கு முகம் சுருங்கிவிடும். "சோளக்கொல்லையில படுக்கறதெல்லாம் புஷ்கிராஃப்டா?"

அந்த வீடியோக்களில் சொல்லாத ஒரு சங்கதி உண்டு. கேமராவுக்குப் பின்னால் ஒரு சட்டம் நின்றுகொண்டிருக்கிறது. சுவீடனில் யார் நிலத்திலும், வீட்டுக்குப் பக்கமாகவோ பயிரிலோ இல்லாமல், ஓரிரவு கூடாரம் போடுவது எல்லோருக்குமான உரிமை. 1994-லிருந்து அரசியல் சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 2003-ல் சட்டம் போட்டு அந்த உரிமையைக் கொடுத்தார்கள். பக்கத்திலேயே இருக்கிற இங்கிலாந்தில் பெரும்பாலான இடங்களில் அது கிடையாது, நிலத்துக்காரரைக் கேட்டாக வேண்டும். டார்ட்மூர் என்ற ஒரே ஒரு மேட்டு நிலத்தில் மட்டும் மிஞ்சியிருந்த பழைய உரிமையைக் காப்பாற்ற உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 மே மாதம்தான் தீர்ப்பு வாங்கினார்கள். அங்கேயே இந்தப் பாடு. சுவீடன்காரன் தாடியைத் தடவிக்கொண்டு பனிக்காட்டில் கூடாரம் அடிப்பதைப் பார்த்துவிட்டு வேப்பந்தட்டையில் அதே மாதிரி செய்கிறவன், அவனுடைய கத்தியை மட்டும் இறக்குமதி செய்திருக்கிறான். அவனுடைய உரிமை இன்னும் கஸ்டம்ஸில் நிற்கிறது :-)

மரமும் அப்படித்தான். அவர்கள் பிர்ச் மரப்பட்டையைச் சீவித் தீ மூட்டுகிறார்கள். இங்கே பிர்ச்சுக்கு எங்கே போவது? தேங்காய் மட்டை நார் இருக்கிறது, பனை நார் இருக்கிறது, இலவம்பஞ்சு இருக்கிறது, எருக்கங்காய் வெடித்த பஞ்சு வேலியோரம் பறக்கிறது. கயிற்றுக்குக் கற்றாழை நார். விறகுக்குச் சீமைக்கருவேலம். அதை வெட்டினால் காட்டுக்காரர் திட்ட மாட்டார், டீ வாங்கித் தருவார். (வெட்டத் தெரியாமல் முள்ளை ஏற்றிக்கொண்டு வந்தால் மருந்தும் அவர்தான் வாங்கித் தர வேண்டும். அந்த முள் ரப்பர் செருப்பை ஊடுருவும், கூடாரத்தின் அடித்துணி எம்மாத்திரம்?) வீடியோவில் சொல்லித்தராத ஒன்று: எருக்கம்பாலும் கள்ளிப்பாலும் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்காட்டில் தங்குகிறவன், கீழே கிடக்கிற கொட்டையைப் பொறுக்கி நெருப்பில் போட்டு வீரம் காட்டக்கூடாது. தோட்டில் இருக்கிற எண்ணெய் தெறித்தால் தோல் வெந்துபோகும், புகையே எரியும். அந்த ஊரில் இது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆயிரக்கணக்கில் கொடுத்துக் கத்தி வாங்கியவனுக்குத்தான் தெரியாது.

இனி இரண்டாவது கட்சி. இவர்கள் முதல் கட்சியை விட ஆபத்தானவர்கள், ஏனென்றால் பாதி சரியாகப் பேசுவார்கள். "பட்டா லேண்டுதானே மச்சி, எங்க மாமாவோடது. யாரு கேக்கப் போறா?"

எல்லோரும் கேட்பார்கள்.

2021 ஜனவரியில் கேரளத்து வயநாட்டில், மேப்பாடி பக்கம் ஒரு தனியார் விடுதியின் கூடாரத்தில் தங்கியிருந்த ஒரு ஆசிரியையை ராத்திரி யானை மிதித்துக் கொன்றது. தனியார் இடம்தான், காசு கொடுத்துத்தான் தங்கினார். கூடாரம் போடுவதற்கு உரிமம் இல்லை என்பது அவர் இறந்த பிறகு வெளியே வந்தது. அதே மாதம் மசினகுடியில் ஒரு விடுதிப் பக்கமாக வந்த யானை மீது தீப்பற்ற வைத்த பொருளை எறிந்த வீடியோவை ஊரே பார்த்தது. அந்த யானை செத்துப்போனது. அதுவும் தனியார் இடம்தான். விலங்குக்குப் பட்டா சிட்டா படிக்கத் தெரியாது. "பெரம்பலூர்ல யானை ஏது?" என்று சிரிக்கலாம். யானை இல்லைதான். 2024 ஏப்ரலில் மயிலாடுதுறையில் சிறுத்தை நடமாடியபோதும், பிறகு அரியலூர் மாவட்டம் செந்துறையில் சிறுத்தை கேமராவில் பதிவானபோதும் அங்கே யாரும் சிரிக்கவில்லை.

இந்த ஊர்க் காட்டில் ஆளைக் கொல்கிறவை வேறு. அவற்றில் பெரும்பாலானவை மனிதன் செய்து வைத்தவை.

முதலில் கிணறு. பெரம்பலூர் பாறை பூமி. பத்து மாட்டு வண்டி இறங்குகிற அகலத்துக்குப் பாறையை வெட்டித் தோண்டிய கிணறுகள், பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. தண்ணீர் தேடி வருகிற புள்ளிமான்கள் விழுவதும் தீயணைப்புத் துறை கயிறு கட்டித் தூக்குவதும் மாவட்டச் செய்தியில் அடிக்கடி வருகிற சமாசாரம். நாலு கால் உள்ள, ராத்திரி கண் தெரிகிற மானே விழுகிறது. செல்போன் வெளிச்சத்தில் ஒதுங்கப் போகிற ஹாஸ்டல் பையன் எந்த மூலைக்கு? அரியலூர்ப் பக்கம் போனால் கிணற்றுக்குப் பதில் சுண்ணாம்புக்கல் தோண்டி எடுத்த பள்ளங்கள். நீலமாகத் தண்ணீர் நிற்கும், போட்டோவுக்கு அழகாக இருக்கும். ஆழம் யாருக்கும் தெரியாது, ஏறி வர படி இருக்காது.

அடுத்தது கரண்ட் வேலி. மக்காச்சோளக் காட்டில் காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் ஒரு வருட உழைப்பை உருட்டிவிட்டுப் போய்விடும். அந்த வயிற்றெரிச்சலில் சிலர் மோட்டார் கொட்டகையிலிருந்து நேராக மின்சாரத்தைக் கம்பியில் விட்டுவிடுகிறார்கள். முழங்கால் உயரத்துக்கு ஒற்றைக் கம்பி, ராத்திரியில் கண்ணுக்கே தெரியாது. மாடு செத்திருக்கிறது, மனிதர்கள் செத்திருக்கிறார்கள், சில சமயம் கம்பி கட்டியவரே செத்திருக்கிறார். 2023-ல் அரசு மின்வேலிகளுக்கென்று பதிவு விதிகள் கொண்டுவந்தது. ஆனால் திருட்டுக் கம்பியைக் கட்டுகிறவர் பதிவு அலுவலகத்துக்கா போகப்போகிறார்? ஆகவே "மாமா காடு" போதாது. மாமா காட்டுக்குப் பக்கத்துக் காடு யாருடையது, அவர் என்ன வெள்ளாமை வைத்திருக்கிறார், கம்பி கட்டியிருக்கிறாரா என்று பகலிலேயே போய், நின்று, கேட்டுவிட்டு வர வேண்டும். மரியாதையாகக் கேட்டால் சொல்லிவிடுவார், அவருக்கும் கொலைக்கேஸ் வேண்டாம்.

இந்த முன்கூட்டிய நடை இல்லாத திட்டம் திட்டமே இல்லை. இரண்டு பேர் ஒரு வாரம் முன்பு பகல் வெளிச்சத்தில் போக வேண்டும். கிணறு எங்கே, கம்பி எங்கே, தட்டைப் போர் எங்கே, கடைசியாக எப்போது மருந்து அடித்தார்கள், எந்தத் தண்ணீர் குடிக்கலாம், வண்டி எதுவரை போகும், போன் எங்கே சிக்னல் எடுக்கும். கரிசல் மண்ணாக இருந்தால் ஒரு மழைக்கே பைக் சக்கரம் அடை மாதிரி அப்பிக்கொண்டு நின்றுவிடும், ராத்திரி அவசரத்துக்கு வண்டி வராது. இதெல்லாம் கூகுள் மேப்பில் இல்லை.

மூன்றாவது விஷயத்தைப் பற்றி யாருமே பேசுவதில்லை. அந்நியன் என்கிற பயம். காட்டில் ஆடு திருடு போகிறது, மோட்டார் வயர் திருடு போகிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு வரப்பில் டார்ச் வெளிச்சம் ஆடினால் ஊரில் நாலு பேர் தடி எடுப்பார்கள். எடுக்கத்தான் செய்வார்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்து அத்திமூரில் என்ன நடந்தது? சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் வழி கேட்டது, பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று வாட்ஸ்அப் வதந்தி பரவியிருந்த நேரம். ஊர் திரண்டு அடித்ததில் ஒரு வயதான அம்மா செத்துப்போனார். சாமி கும்பிட வந்தவர்களுக்கே அந்தக் கதி. இடுப்பில் கத்தி, முகத்துக்குப் பச்சை மை, மறைந்திருந்து வீடியோ எடுக்கிற ஆறு பையன்களை ஊர் என்னவென்று நினைக்கும்?

(கத்தியைப் பற்றி ஒரு வார்த்தை. சனிக்கிழமை ராத்திரி செக்போஸ்ட்டில் மூன்று பைக், ஆறு பையன், ஆறு கத்தி. "புஷ்கிராஃப்ட் சார்" என்று இன்ஸ்பெக்டருக்கு விளக்கிக் கொண்டிருக்க வேண்டியதுதான். அரிவாள், கடப்பாரை, மம்பட்டி மூன்றும் காட்டுக்காரர் கொட்டகையிலேயே இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, அதைப் பிடிக்கக் கற்றுக்கொண்டால் போதும். உருப்படியான வித்தையும் அதுதான்.)

ஆகவே அனுமதி என்பது ஒரு ஆளிடம் வாங்குவது இல்லை. நிலம் சிங்கப்பூரில் இருப்பவர் பெயரில் இருக்கும், உழுகிறவர் குத்தகைக்காரராக இருப்பார், கிணற்றில் பங்காளிக்குப் பாதி முறை இருக்கும். பட்டாக்காரர் போனில் "தாராளமா தங்குங்கப்பா" என்று சொல்லிவிடுவார், அவருக்கு என்ன? உழுகிறவரிடம் போய்க் கேட்க வேண்டும். பிறகு ஊரில் ஒரு பெரிய மனிதருக்கு, பஞ்சாயத்துத் தலைவருக்கோ வார்டு மெம்பருக்கோ, காட்டுக்காரர் வாயாலேயே தகவல் போக வேண்டும். "நம்ம பிள்ளைங்க ஆறு பேரு வந்திருக்காங்க" என்று அவர் சொல்கிற அந்த ஒரு வாக்கியம்தான் கூடாரத்துக்கு நிஜமான கூரை.

இதில் கசப்பான ஒன்றும் இருக்கிறது. "எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளைங்க?" என்று ஊரில் கேட்கும்போது எல்லா நேரமும் முகவரி மட்டும் கேட்கப்படுவதில்லை. ஆறு பேரில் யாரோ ஒருவனுக்கு அந்தக் கேள்வி மற்ற ஐந்து பேருக்குக் கேட்பது போலக் கேட்காது. அவனைத் தனியே தள்ளி நின்று தண்ணீர் குடிக்க வைக்கிற இடமாக இருந்தால் அந்த இடமே வேண்டாம், எவ்வளவு அழகான கிணற்றடியாக இருந்தாலும். இதை அங்கே போய் நின்று தெரிந்துகொள்ளக் கூடாது. முன்பே போகிற அந்த இரண்டு பேரின் வேலையில் இதுவும் சேர்த்தி.

பெண்கள் வருகிற குழுவைப் பற்றி "ரிஸ்க்கு மச்சி" என்று தள்ளிவிடுகிற வழக்கமும் உண்டு. நிஜம் என்னவென்றால் இரண்டு பெண்கள் சேர்ந்தவுடன்தான் அந்தத் திட்டத்தில் கக்கூஸ் என்ற சொல்லே முதல்முறையாக வருகிறது. யார் வீட்டில் ஒதுங்குவது, ராத்திரி யார் துணை, காட்டுக்கார அக்கா வீட்டில் இருப்பாரா என்றெல்லாம் யோசிக்க ஆரம்பித்தால் ஆண்களுக்கும் சேர்த்து முகாம் பத்திரமாகிவிடுகிறது.

"பட்டா நிலத்தில் சட்டம் கிடையாது" கட்சியின் இன்னொரு செல்லப் பொழுதுபோக்கு கண்ணி வைப்பது. வீடியோவில் முயலுக்குச் சுருக்கு போடுகிறார்கள், இங்கேயும் போட்டால் என்ன? 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முயலுக்கும் கௌதாரிக்கும் உடும்புக்கும் மயிலுக்கும் காப்புக்காட்டில் ஒரு விதி, பட்டாக்காட்டில் ஒரு விதி என்று வைத்திருக்கவில்லை. பிடித்தால் ஜெயில். பிடித்தவனுக்கு மட்டும் இல்லை, இடம் கொடுத்த காட்டுக்காரரும் ஸ்டேஷன் வாசலில் நிற்பார். ஒரு நாட்டுக்கோழியை அந்த வீட்டிலேயே காசு கொடுத்து வாங்கினால் அவருக்கும் வருமானம், குழம்புக்கும் ருசி.

கல் பொறுக்குவதும் இதே ரகம். காரைப் பக்கம் மழை அரித்த மேட்டில் கடல் நத்தைப் புதைபடிவங்கள் கிடக்கின்றன, சாத்தனூரில் 18 மீட்டருக்கு மேல் நீளமான கல்மரம் கிடக்கிறது. 1940-ல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்டு சொன்னது, சுமார் 12 கோடி வருடத்துச் சரக்கு. பார்த்துவிட்டு வரலாம், பையில் போட்டுக்கொண்டு வருகிறவன் சாதாரணத் திருடன். அந்த மேடுகள் போட்டோவுக்கு எடுப்பாக இருக்கின்றன என்று அங்கேயே கூடாரம் அடிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது மாமா காடு இல்லை. கரைவெட்டி ஏரிக்கரையும் இல்லை. அது பறவைகள் சரணாலயம், 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம். வலசை வந்த பறவைக்கு முன்னால் ப்ளூடூத் ஸ்பீக்கர் வைப்பவனுக்கு எந்த மொழியில் சொன்னாலும் புரியாது.

சரி, பட்டா நிலத்தில் அந்நியன் தங்குவது இந்த மண்ணுக்குப் புதுசா? கிடைக்காரர்களைக் கேளுங்கள். ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து அறுவடை முடிந்ததும் ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு காவிரிப் படுகைக்கு வருகிறார்கள். கீதாரி ஒருவர் முன்னால் போய் நிலத்துக்காரரிடம் பேசுகிறார். எத்தனை ஆடு, எத்தனை ராத்திரி, எந்த வயல், தண்ணீர் எங்கே, கூலி என்ன. பேசி முடித்த பிறகுதான் மந்தை உள்ளே வரும். ராத்திரி பட்டி அடைத்து, பக்கத்திலேயே வெட்டவெளியில் படுத்து, சமைத்துச் சாப்பிட்டு, மழை வந்தால் கூடாப்புக்குள் ஒண்டி, விடிந்ததும் கிளம்பி அடுத்த வயல். வருடத்தில் பாதி நாள் வீட்டுக் கூரை இல்லாமல் வாழத் தெரிந்த அந்த மனிதர் தன்னை எந்த இங்கிலீஷ் பெயராலும் சொல்லிக் கொள்வதில்லை. அவருக்கு ஒரு சேனலும் இல்லை. முன்கூட்டிப் பேசுவது, தண்ணீர் பார்ப்பது, நிலத்துக்காரருக்கு நஷ்டம் வைக்காமல் போவது என்று திட்டமிடலின் பாடம் முழுக்க அவரிடம் இருக்கிறது. கிடை போட்டால் நிலத்துக்காரர்தான் காசு கொடுக்கிறார். ஆள் படுத்தால் ஆள்தான் காசு கொடுக்க வேண்டும். ஆட்டிடம் புழுக்கையாவது மிஞ்சுகிறது!

அதனால் பணம் பேசிவிட வேண்டும். "நம்ம மாமாதானே" என்று சும்மா வந்து, கிணற்று மோட்டாரை ஓடவிட்டு, வெங்காயத்தைப் பிடுங்கித் தின்றுவிட்டுப் போகிற மருமகனுக்கு இரண்டாவது முறை அனுமதி கிடைப்பதில்லை, அவனுக்குப் பின்னால் வருகிற யாருக்கும் கிடைப்பதில்லை. இன்னொரு பக்கம் "ஃபார்ம் கேம்பிங்" என்று போஸ்டர் போட்டு ஆளுக்கு ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு, நாற்பது ஐம்பது பேரை ஏக்கர் நிலத்தில் இறக்கி, டிஜே வைத்து, காட்டுக்காரருக்குச் சில்லறை நீட்டுகிற ஏற்பாட்டாளர்களும் முளைத்திருக்கிறார்கள். யாருக்காவது ஏதாவது ஆனால் போஸ்டர்காரர் போனை அணைத்துவிடுவார், பட்டாக்காரர்தான் மாட்டுவார். ஆறு பேருக்கு மேல் போனால் அது முகாமே இல்லை, கூட்டம். ஆறு பேருக்கு ஒரு அடுப்பு போதும், ஒரு தார்ப்பாய் இரண்டு போதும், ஒருவனுக்கு உடம்பு சரியில்லையென்றால் இரண்டு பேர் கூட்டிப் போக, மூன்று பேர் இடத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும்.

எப்போது போவது? ஐப்பசி, கார்த்திகையில் மழை. மார்கழியில் பயிர் நிற்கும். பங்குனிக்குப் பிறகு வெயில் கொளுத்தும், கரிசல் வெடித்து வாய் பிளந்து கிடக்கும், காய்ந்த சருகு தீக்குச்சிக்காகக் காத்துக் கிடக்கும். தை பிற்பகுதியும் மாசியும்தான் சரி. மக்காச்சோளம் ஒடித்து முடித்திருப்பார்கள், காடு காலி, ராத்திரி குளிரும். ஆனால் அறுத்த தட்டையைப் போர் போட்டு வைத்திருக்கிற சமயமும் அதுதான். ஒரு போர் எரிந்தால் ஒரு வருட மாட்டுத் தீவனம் சாம்பல். தீ எப்படி மூட்டுவது என்று நூறு வீடியோ இருக்கிறது. எங்கே மூட்டுவது, எப்படி அணைப்பது என்பதில்தான் விஷயம். போருக்கும் வேலிக்கும் எட்டாத வெறும் மண்ணில், முழம் ஆழக் குழி தோண்டி, சுற்றிச் சருகைக் கூட்டிவிட்டு, இரண்டு குடம் தண்ணீரைப் பக்கத்தில் வைத்த பிறகு தீப்பெட்டியைத் தொடட்டும். காற்று அடிக்கிற ராத்திரியில் தீயே வேண்டாம். வாங்கி வந்த புளிச்சோறு தின்றால் கௌரவம் குறைந்துவிடாது.

சரக்கு? அதை ஒரே வரியில் முடித்துவிடலாம். உடைந்த பாட்டில் சில்லு அடுத்த மழைக்கு மண்ணுக்குள் போகும், களை எடுக்க வருகிற அம்மாவின் வெறுங்காலில்தான் வெளியே வரும்.

கடைசியாகப் படுக்கை. இங்கேதான் வீரர்கள் அதிகம் தவறுகிறார்கள். வெறும் தரையில் படுத்து நட்சத்திரம் பார்ப்பது கவிதையாக இருக்கும். கட்டுவிரியனுக்கும் அந்த நேரம்தான் பிடிக்கும். அது ராத்திரி நடமாடுகிற பாம்பு. தரையில் படுத்திருப்பவரைத்தான் அதிகம் கடிக்கிறது. பல சமயம் கடித்த இடத்தில் வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது, பல் பட்ட தடம்கூடச் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுவான், "நேத்து தின்ன கோழி ஒத்துக்கல" என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். பிறகு கண் இமை தானாகச் சரிய ஆரம்பிக்கும், பேச்சு குழறும், மூச்சு நிற்கும். கத்தியால் கீறுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாம் சினிமாவோடு சரி. கடிபட்ட காலை அசைக்காமல், நடக்க விடாமல், 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்தும் மூச்சுக் கருவியும் இருக்கிற பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பெரம்பலூரில் தலைமை மருத்துவமனை இருக்கிறது, அரியலூரில் 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. படுக்கிற இடத்திலிருந்து எது எத்தனை நிமிடம் என்று முன்பே வண்டி ஓட்டிப் பார்த்துவைத்திருந்தால் அந்த ராத்திரியில் கூகுளைக் கேட்க வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் மேலான மருந்து காட்டுக்காரர் கொட்டகையில் சாய்த்து வைத்திருக்கிறது. கயிற்றுக் கட்டில். அதன் மேல் ஒரு கொசுவலை, நாலு பக்கமும் பாய்க்கு அடியில் செருகியது. கட்டில் இல்லையென்றால் அடித்துணி தைத்த, ஜிப் முழுக்க மூடுகிற கூடாரம். "வலைக்குள்ள படுக்கறவன் என்ன அட்வென்ச்சர்?" என்று கேட்கிறவனுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. பரம்பரையாகக் காட்டில் ராக்காவல் படுக்கிறவர்கள் பரண் கட்டிப் படுத்தார்கள், கட்டிலில் படுத்தார்கள். தரையில் விழுந்து படுத்தவர்கள் வேறு வழி இல்லாத கூலிக்காரர்கள். பாம்புக்கடிச் சாவு இன்றைக்கும் அவர்கள் பக்கம்தான் அதிகம்.

முள்ளுப்புதரில் உட்கார்ந்து எழுந்து வந்து, ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல் அடித்தால், உடம்பில் எங்காவது சிகரெட் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். காட்டில் தங்கியதை டாக்டரிடம் சொன்னால் சாதாரண மாத்திரையில் தீர்ந்துவிடும். வீட்டுக்குத் தெரியாமல் போனவன் சொல்ல மாட்டான், அதுதான் பிரச்சினை.

"இவ்வளவு பார்த்தா எங்கயும் போக முடியாது" என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள். இவ்வளவும் பார்க்கத் தெரிவதற்குப் பெயர்தானே அந்த வித்தை? மண்ணைப் பார்த்துக் கூடாரம் போடுவது, காற்றைப் பார்த்துத் தீ வைப்பது, ஆளைப் பார்த்துப் பேசுவது. கத்தியால் குச்சியை இறகு மாதிரிச் சீவுவதைப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். "அய்யா, ஒரு ராத்திரி உங்க காட்டுல தங்கிக்கலாமா?" என்று கூச்சமில்லாமல், பொய்யில்லாமல் கேட்கக் கற்றுக்கொள்ளத்தான் நாள் ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குழியில் தண்ணீர் ஊற்றி, கையை வைத்துச் சூடு பார்த்து, மண்ணை மூட வேண்டும். கூடாரத்துக்கு அடித்த ஆணிகளைப் போகும்போது எத்தனை என்று எண்ணி எழுதிக்கொண்டு போயிருக்க வேண்டும். எட்டு என்றால் எட்டும் திரும்பி வர வேண்டும். ஏழுதான் வந்தது என்றால் ஆறு பேரும் குனிந்து எட்டாவதைத் தேடி எடுத்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்ப வேண்டும். அடுத்த வாரம் அந்தக் காட்டில் ரொட்டவேட்டர் ஓடும்.